ஆறே ஓடாத சீமையில் ஆற்று மீனை யார் பிடித்தால் என்ன?

கேள்வி (காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் போட்டது)

கரண்டு வைத்தும் மருந்து கலந்தும் மீன் பிடிப்பதால் ஆற்று உயிர்கள் அழிகின்றன என்று எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார்கள். காவிரிக்கும் தாமிரபரணிக்கும் அது சரி. நம் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடுவதே வருஷத்தில் சில வாரம்தான். பங்குனி வந்தால் எல்லாம் வெடித்த மண். எப்படியும் வெயிலில் செத்துப்போகிற மீனைக் கரண்டு வைத்துப் பிடித்தால் என்ன, கையால் பிடித்தால் என்ன? மணல் அள்ளியவர்கள் செய்யாத கேட்டையா இவர்கள் செய்துவிட்டார்கள்?

மார்ச் 9

எல்லா மீனும் வெயிலில் செத்துப்போகிறது என்றால், ஐப்பசி மழைக்குக் கண்மாயில் துள்ளுகிற மீன் எங்கிருந்து வருகிறது தம்பி? மேகத்திலிருந்தா?

நம் பக்கத்து ஆறு தண்ணீர் தங்கும் இடமில்லை, வந்துபோகும் பாதை. மணிமுத்தாறு, தேனாறு, சிங்கம்புணரிப் பக்கத்துப் பாலாறு, தேவகோட்டைப் பக்கத்து விருசுழியாறு, தெற்கே சருகணியாறு, எல்லாமே அப்படித்தான். (இது திருநெல்வேலி மணிமுத்தாறு இல்லை. அணை, அருவி எதுவும் நம்மிடம் கிடையாது, சுற்றுலா வந்துவிடாதீர்கள்.) ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் வாய்) வழியும், அடுத்த கண்மாய் நிறையும், மிச்சம் ஆற்றுக்கு வரும், ஆற்றிலிருந்து வரத்துக்கால் பிரிந்து மறுபடி ஒரு கண்மாய்க்குப் போகும். மீனுக்கும் இதுதான் வழி. தண்ணீர் வடியும்போது ஆறு வளைகிற இடத்திலும் பாலத்துத் தூணடியிலும் தடுப்பணைக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் கொஞ்சம் தங்கும். மடு என்போம். சித்திரை வெயிலிலும் எங்கள் ஊரை ஒட்டி மணிமுத்தாற்றில் இரண்டொரு மடு வற்றாமல் நிற்கும். பார்த்தால் எருமை படுத்த குழம்பல்தான். சுற்று வட்டாரத்துக் கண்மாய்க்கெல்லாம் அடுத்த வருஷத்து மீன் அதற்குள்தான் இருக்கிறது.

காவிரியில் ஒருவன் திருட்டு மீன் பிடித்தால் மேலேயும் கீழேயும் இன்னும் மைல் கணக்கில் தண்ணீரும் மீனும் இருக்கும். இங்கே ஒரு மடுவில் ஒரு ராத்திரி கரண்டு விட்டால் அந்த வட்டாரமே முடிந்தது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதுதான் அது. ஆறு ஓடாத சீமை என்பதால் திருட்டின் கேடு குறைகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதனாலேயே கூடுகிறது என்று நான் சொல்கிறேன்.

மார்ச் 9, ராத்திரி

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. எல்லா மீனுக்கும் மடு வேண்டியதில்லை. விரால், குரவை, பனையேறிக்கெண்டை இந்த மூன்றும் வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கிற வகை. விரால் ஈரச் சேற்றுக்குள் இறங்கியும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பனையேறி ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தரையிலேயே ஊர்ந்து போகும். 1790களில் தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ்கார அதிகாரி பனைமரத்தில் இதைப் பார்த்ததாக எழுதி அனுப்பி, அதை வைத்து ஐரோப்பாவில் ஒரே சண்டை.

கெண்டை வகைகள், ஆரால், உளுவை, அயிரை இவற்றுக்கு அந்த வசதி போதாது. தண்ணீர் வேண்டும், அடியில் மணலோ கல்லோ வேண்டும். மடு போனால் முதலில் காணாமல் போவது இவைதான். வீரப்பரம்பரை விரால் மட்டும் மிஞ்சும்.

மார்ச் 11

"கரண்டு வைத்துப் பிடிப்பதெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி, நம் ஊரில் யார் செய்கிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மிக்சி, பேன், கொஞ்சம் இன்வெர்ட்டர் வேலையும் உண்டு. கோடை பிறந்தால் போதும், வருஷா வருஷம் யாராவது ஒருவர் ஒரு பழைய இன்வெர்ட்டர் போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார். முதல் கேள்வியே நடையைக் காட்டிவிடும். "அண்ணே, இதக் கொஞ்சம் ஏத்திக் குடுக்க முடியுமா?" வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட். அதற்கு மேல் ஏற்றி என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டால் வேலிக்கு என்பார். மயில் வருது, பன்றி வருது, கடலையைத் தோண்டுது. வேலிக்கு நேரடிக் கரண்டு விட்டால் ஆளே செத்துப்போவான், அது தனிக் குற்றம். அதைச் சொன்னதும் சிரிப்பார். "வேலிக்கு இல்லண்ணே, சும்மா மடுவுல ரெண்டு மீனு."

நான் செய்து கொடுப்பதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. முதலில் வந்த காரணம் மீன் இல்லை, பயம். தண்ணீரில் நின்றுகொண்டு மூங்கில் கம்பு நுனியில் கரண்டு பிடிக்கிறவன் வழுக்கி விழுந்தால் அடுத்த நாள் போலீஸ் போர்டைப் புரட்டிப் பார்த்து யார் சுற்றிய கம்பிச்சுருள் என்று என் கடைக்கு வரும். மீனைப் பற்றி யோசித்ததெல்லாம் அப்புறம்தான்.

வருகிறவர்கள் ரௌடிகள் இல்லை. ஒருவர் கோடையில் வேலை இல்லாத கொத்தனார். ஒருவர் எனக்கு மாமன் முறை, அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு ஒரு வருஷம் விசேஷ வீடுகளில் முகம் பார்க்காமல் திரிந்தோம். நான் மறுத்ததால் எந்த மடுவும் பிழைத்ததாகத் தெரியவில்லை. பஜாரில் இன்னொரு கடை இருக்கிறது, அங்கே ஆகிவிடும். இப்போது அதுவும் தேவையில்லை, ரெடிமேடாகவே விற்கிறான், பார்சலில் வீட்டுக்கே வருகிறது.

மார்ச் 12

எந்தக் கடை என்று தனியாகக் கேட்டு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன்.

மார்ச் 15

ஒரு பொறியாளர் தம்பி, "வெளிநாட்டில் விஞ்ஞானிகளே ஆற்றில் மின்சாரம் விட்டுத்தானே மீன் கணக்கெடுக்கிறார்கள், அது மட்டும் சரியா" என்று மடக்கியிருக்கிறார். உண்மைதான், எடுக்கிறார்கள். கையுறையும் ரப்பர் பூட்டும் போட்டுக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்று முதலில் அளந்து, அதற்குத் தக்க அளவில் விட்டுவிட்டு நிறுத்தும் டிசி கொடுக்கிறார்கள். மீன் மயங்கியதும் வலையில் அள்ளி, அளந்து, எடை பார்த்து, தெளிந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதிலும் சில மீனுக்கு முதுகெலும்பு முறியத்தான் செய்கிறது. அதைக் குறைப்பது எப்படி என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.

நம் ஆட்கள் விடுவது பெரும்பாலும் ஏசி. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிசியில் மீன் பாசிட்டிவ் முனையை நோக்கித் தானாக நீந்தி வரும். ஏசியில் வராது, இருந்த இடத்திலேயே விறைக்கும். தசை முழுக்க ஒரே நேரத்தில் இழுக்கிற இழுப்பில் முதுகெலும்பு முறியும், ஓரத்தில் ரத்தக் குழாய் வெடிக்கும். மிதந்து மேலே வருவதைத்தான் அள்ளுகிறார்கள். அடியில் போய்ச் செருகிக்கொண்டதை யாரும் எண்ணுவதில்லை. தப்பிய மீன் முதுகு வளைந்து இரை பிடிக்க முடியாமல் அலையும்.

இன்னொன்று. மீனின் தலைக்கும் வாலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறதோ அந்த அளவுக்குத்தான் அடி. நீளமான மீனுக்கு அடி அதிகம், பொடிக்குக் குறைவு. அதனால் "குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் முதலில் சாகிற பெரிய மீன் எது? சினை வைக்க வேண்டிய தாய் மீன். விராலை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரித்ததும் செக்கச் செவேலென்று பந்து போலச் சுற்றும், ஆணும் பெண்ணும் கீழேயே காவல் நிற்கும், காலை விட்டால் முட்ட வரும். காவலைக் கொன்றுவிட்டுக் குஞ்சை விட்டுவைத்தேன் என்றால், பக்கத்தில் இருக்கிற கெளுத்திக்கு அது விருந்து.

மார்ச் 16

மீன் கரண்டில் பிடித்ததா என்று வாங்கும்போது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டவருக்கு: முழு மீனாகப் பார்த்தால் கஷ்டம். சில மீனில் முதுகில் கன்றிய கோடு மாதிரி இருக்கும். வெட்டினால் தெரியும். என் மனைவி ஒரு தடவை கெண்டையை அறுத்துப் போட்டுவிட்டு "நடுமுள்ளு ஓரமா எல்லாம் ரத்தம் கட்டிக் கெடக்கு, என்னத்த வாங்கிட்டு வந்தீக" என்று கூப்பிட்டுக் காட்டினாள். முள்ளும் ஓரிடத்தில் ஒடிந்திருந்தது. குழம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 23

மருந்து. இதில்தான் எனக்கு இரண்டு மனது.

எங்கள் அப்பத்தா காலத்தில் மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கரைத்துவிட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். காக்கைக்கொல்லி விதை, கள்ளிப்பால் எல்லாம் உண்டு. காரைக்காயில் இருப்பது சோப்பு மாதிரி நுரைக்கிற சத்து. அது செவுளைத் தாக்கி மீனை மூச்சுத் திணற வைக்கும். அதை வைத்து "நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து மீன் பிடித்தார்கள்" என்று மேலே ஒருவர் உருகியிருக்கிறார். அவர்கள் செய்ததும் விஷம் வைப்பதுதான். குட்டையில் இருந்த தவளைக் குஞ்சு, தட்டான் புழு எல்லாவற்றுக்கும் அது விஷம்தான். வித்தியாசம் அளவில். ஒரு கூடைக் காய் பறித்து, இடித்து, சுமந்துபோய்க் கரைக்க ஒரு பொழுது முழுக்க ஆகும், ஒரு குட்டைக்குத்தான் வரும். சில நாளில் முறிந்தும்விடும்.

இப்போது பிளீச்சிங் பவுடர். மூட்டை மலிவு. அவிழ்த்துக் கொட்டினால் வேலை முடிந்தது. குளோரின் செவுளை அரித்துவிடும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தையும் ஊற்றுகிறார்கள். அதைச் சாப்பிடுகிறவன் மனிதன் என்பதைக்கூட நினைப்பதில்லை. மயில்துத்தம் (செம்பு கலந்த உப்பு) போடுகிறவர்களும் உண்டு. செம்பு மண்ணில் தங்கும், நத்தைக்கும் சிப்பிக்கும் ஆகவே ஆகாது.

சிப்பி என்றதும் ஒன்று. மடுவில் காலில் தட்டுப்படுமே கறுப்பு மட்டிச் சிப்பி, அதன் குஞ்சு பொரித்ததும் தானாக வளர்ந்துவிடாது. ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஒட்டுண்ணியாக இருந்துவிட்டுத்தான் கீழே உதிர்ந்து மண்ணில் பதியும். மீன் போகிற இடத்துக்கெல்லாம் சிப்பியும் போவது இப்படித்தான். மீனைத் துடைத்துவிட்டால் சிப்பியின் அடுத்த தலைமுறைக்கு ஏறிப்போக வண்டி இல்லை. தண்ணீரை வடிகட்டித் தெளிய வைப்பதே இந்தச் சிப்பிதான். பழைய சிப்பி உயிரோடு கிடக்கும், பார்ப்பவனுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். குஞ்சுச் சிப்பி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 24

மணல் பற்றிக் கேட்டதை நான் மறக்கவில்லை. அயிரை மணலில் புதைந்து வாழ்கிற மீன். மணலை அள்ளிவிட்டால் களிதான் மிச்சம், அயிரைக்கு வீடே இல்லை. ஆகவே மணல் அள்ளியவனும் மீனை அழித்தவன்தான். ஆனால் "அவன் பெரிய திருடன், இவன் சின்னத் திருடன், இவனை விடு" என்பது வாதமா? மணல் போன ஆற்றில் மிஞ்சியிருப்பதே சில பள்ளம்தான். அங்கே போய் இவன் கரண்டு வைக்கிறான்.

மார்ச் 24, இன்னும் கொஞ்சம்

அயிரையை எப்படிக் கழுவுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பேச்சு எங்கே போகிறது பாருங்கள். உயிரோடு வாங்க வேண்டும். தேங்காய்ப் பாலில் விட்டால் குடித்துவிட்டு வயிற்று மண்ணைக் கக்கும். அப்புறம் மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசு உரசு என்று உரசி, நாலைந்து தண்ணீர் மாற்றுங்கள். புளி தூக்கலாக இருக்கட்டும். மற்றதை உங்கள் வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள், என்னிடம் கேட்டால் வைண்டிங் வார்னிஷ் வாசம் வரும்.

ஏப்ரல் 5

சட்டம் என்ன சொல்கிறது என்று தேவகோட்டை வக்கீல் ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார், நன்றி. 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம். நான்காம் பிரிவு வெடி வைப்பதற்கு, ஐந்தாம் பிரிவு விஷமோ சுண்ணாம்போ கலப்பதற்கு. தண்டனை இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய்க்குக் கண்மாயையே வாங்கியிருப்பார்கள். இன்றைக்கு ஒரு கிலோ நாட்டு விரால் அந்தக் காசுக்கு வராது. சட்டம் போட்ட வருஷத்தில் நம் ஊர்களில் மின்சாரமே இல்லை, அதனால் கரண்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டமும் விதியும் போட்டுத்தான் ஒட்டுப்போடுகின்றன.

கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்று ஊரே அறியும். விசைப்படகு கரையில் நிற்கும், நிவாரணம் கொடுப்பார்கள், தொண்டியிலிருந்து மீன் வரத்து குறையும். அதே நாட்களில்தான் மடுவில் ஆள் இறங்குகிறான். கடல் மீன் விலை ஏறியதும் மடு மீனுக்குக் கிராக்கி. நான் சொன்ன அந்த இன்வெர்ட்டர் கூட்டம் கடைக்கு வருகிற மாதமும் அதுதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் யாரும் உண்டா?

ஏப்ரல் 19

வக்கீல் மறுபடி: மடுவில் பாலாமை சிக்கினால் அது வேறு வழக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. ஆமைக்குச் செவுள் கிடையாது, மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கட்டிவைத்த வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். வலை போட்டவனுக்கு ஆமை வேண்டியதே இல்லை, காலையில் எடுத்து வீசிவிட்டுப் போவான்.

மே 11

மீன்பிடித் திருவிழாவும் ஒரே நாளில் கண்மாயை அழிப்பதுதானே, அதை மட்டும் பத்திரிகையில் படம் போட்டுக் கொண்டாடுகிறோமே என்று கேட்டிருப்பவருக்கு.

நானும் சின்ன வயதிலிருந்து இறங்குகிறவன். விடியும் முன்னே கரையெல்லாம் ஆள். ஊத்தா, கச்சா, பரி என்று மீன் பிடிக்கிற கருவிகள், ஒன்றும் இல்லாதவன் கையில் பழைய சேலை. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஓவென்று இறங்குவோம். ஊத்தாவைக் குத்தினால் உள்ளே சிக்கியதைக் கைவிட்டு எடுக்க வேண்டும். குச்சிகளுக்கு இடையே விரல் அகலத்துக்குச் சந்து, பொடி மீன் வெளியே போய்விடும். சேறு கலங்கிய பிறகு கண்ணும் தெரியாது. எத்தனை ஊர் இறங்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உள்ள ஊர்கள் உண்டு. அதனால் வயிறு நிறைந்தால் ஆசையும் அடங்கும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, விவசாயம் முடிந்த பிறகுதான் கண்மாய் அழிப்பார்கள் (ஊரே இறங்கி மீன் பிடிப்பதற்கு அப்படித்தான் பேர்). அந்த மீன் உண்மையிலேயே எப்படியும் வெயிலில் சாகிற மீன். தம்பியின் முதல் கேள்வி கண்மாய்க்குப் பொருந்தும், மடுவுக்குப் பொருந்தாது.

ஆனால் எல்லாம் அந்தக் காலம் மாதிரி இல்லை. இப்போது சிலர் ஊத்தாவை விட்டுவிட்டுக் கொசுவலையோடு இறங்குகிறார்கள். கொசுவலையில் எதுவும் தப்பாது. திருவிழா என்று பெயர் இருந்தால் கொசுவலை நல்லதாகிவிடாது.

மே 12

நேற்று எழுதி முடித்ததும் தோன்றியது: சட்டப்படி கண்மாய் மீனை ஏலம் எடுத்தவர் செய்வதைப் பற்றி நாம் யாரும் வாயே திறக்கவில்லை.

மீன்பாசி ஏலம் எடுக்கிறவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுகிறார். விடும் முன் கண்மாயில் இருக்கிற விரால், குரவை, வாளை, கெளுத்தி இவையெல்லாம் குஞ்சைத் தின்னுமே என்று மருந்து வைத்துக் காலி செய்கிறார். குளம் வளர்ப்புக்குப் பாடப்புத்தக முறையே இருக்கிறது: ஒரு எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. அதுவும் காரைக்காய் மாதிரி நுரைக்கிற விஷம்தான். இரண்டு மூன்று வாரத்தில் முறிந்து உரமாகிவிடும் என்பதால் சிபாரிசு செய்கிறார்கள். சொந்தக் குட்டையில் செய்தால் சரி. ஆற்றோடு சேர்ந்த ஊர்க் கண்மாயில் செய்தால்? நாட்டு மீனைத் துடைத்தெடுப்பதில் திருடனுக்கும் குத்தகைக்காரருக்கும் என்ன வித்தியாசம், ரசீது ஒன்றைத் தவிர? (நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களில் ஒன்றுக்கு இலுப்பைக்குடி என்றே பெயர். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம், மீனுக்குப் புண்ணாக்கு.)

துடைத்த இடத்துக்கு முதலில் யார் வந்து குடியேறுகிறார்கள் தெரியுமா? ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், வருஷத்துக்குப் பல தடவை குஞ்சு பொரிக்கும். அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்கவே அரசு தடை செய்திருக்கிறது, இருந்தும் மழைக்குப் பண்ணைக் குட்டை உடைந்து ஆற்றுக்கு வந்துவிடுகிறது. காற்றைக் குடிக்கும், தரையில் நகரும், கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும். கரண்டும் மருந்தும் நாட்டு மீனுக்குத்தான் முடிவு. இந்த இரண்டுக்கும் அது காலி மனை.

ஆகவே ‘சட்டவிரோத மீன்பிடிப்பு’ என்று தலைப்புப் போட்டு வகுப்பெடுத்தவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி.

மே 30

கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? அவர்கள் அப்பச்சி பர்மாவில் மாந்தலேயில் கடை வைத்திருந்தவராம். ஐராவதி ஆற்றில் ஓங்கில்கள் (டால்பின்கள்) மீனவருக்கு மீன் விரட்டிக் கொடுப்பதைப் பார்த்ததாகச் சொல்வாராம், பேரப்பிள்ளைகள் யாரும் நம்பவில்லையாம்.

நம்புங்கள் ஆச்சி, அது நிஜம். மீனவர் படகு விளிம்பைத் தட்டிக் கூப்பிடுவார், ஓங்கில் கூட்டம் மீனைப் படகுப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், வலை வீசச் சொல்லி வாலால் சைகை காட்டும். வலையில் தப்பி ஓடுகிற மீன் ஓங்கிலுக்கு. மாந்தலேக்கு வடக்கே அந்த ஆற்றில் ஒரு பகுதியை 2005இல் ஓங்கில்களுக்கான பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். இன்றைக்கு அங்கே இருக்கிற பெரிய ஆபத்து என்ன தெரியுமா? நம் மடுவில் நடக்கிற அதே பேட்டரி. கரண்டு வைக்கிற கும்பல் வந்த பிறகு ஓங்கில்கள் மனிதனிடமிருந்தே விலகிப்போகின்றன, கூப்பிட்டால் வருவதில்லை என்று அந்த மீனவர்கள் சொல்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணெல்லாம் மிதந்து வந்த ஆறு அது.

சீனத்தில் யாங்சே ஆற்றில் 2021 ஜனவரி 1 முதல் 10 வருஷத்துக்கு மீன்பிடிக்கவே தடை. அங்கே துடுப்பு மாதிரி மூக்கு நீண்ட பெரிய மீன் ஒன்று இருந்தது. அணை ஒரு பக்கம், கண்மூடித்தனமாகப் பிடித்தது ஒரு பக்கம். 2003இல் கடைசியாகப் பார்த்தார்கள், 2022இல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். நம் காவிரியில் மட்டும் இருக்கிற திமில் கொண்ட மகசீர் 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிகவும் ஆபத்தான நிலை’ என்ற படிக்குப் போய்விட்டது. வெடி வைத்துப் பிடிப்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஜூன் 8

"மீனைக் காப்பாற்றுங்கள் என்றால் நம் ஜனம் கேட்காது" என்பவருக்கு ஒரே பதில், வேட்டங்குடி. திருப்பத்தூர் பக்கம், 1977இல் அறிவித்த பறவைச் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கூட்டில் இருக்கிற பறவை மிரளும் என்று. யாரும் போலீஸ் வைத்துத் தடுக்கவில்லை. அந்த நாரையும் நீர்க்காகமும் இரை தேடிச் சுற்றுக் கண்மாய்க்கும் மடுவுக்கும்தான் பறந்து வருகின்றன. மருந்து வைத்த மடுவில் மயங்கிக் கிடக்கிற மீனைக் கொத்த அவற்றுக்குச் சொல்லியா தர வேண்டும்? வெடிச்சத்தத்திலிருந்து காப்பாற்றிய பறவையைப் பத்து மைல் தள்ளி விஷ மீன் தின்ன வைக்கிறோம்.

அக்டோபர் 26

நல்ல மழை. நேற்று ராத்திரி எங்கள் கலுங்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. சினை மீன் எதிர்த்து ஏறுகிறது. ஆளுக்கொரு பரி, சாக்கு, கொசுவலை. கலுங்கின் வாய் முழுவதையும் அடைத்து வலை கட்டியிருக்கிறார்கள்.

கேரளத்தில் புது வெள்ளத்தில் ஏறுகிற சினை மீனைப் பிடிப்பது 2010 சட்டப்படி குற்றம். இங்கே அதைக் குற்றம் என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மழைக்கால முதல் மீன் என்பது ஒரு ஆசை, எனக்கும் உண்டு. அதனால் பிடிக்காதே என்று கேட்கவில்லை. ஒரு பக்கம் இரண்டு முழம் வலை இல்லாமல் விடுங்கள் என்று கேட்டேன். ஒரு தம்பி விட்டார். மறுபக்கத்தில் இருந்தவர் அந்தச் சந்துக்கு நேராகத் தன் பரியைக் கொண்டுபோய் வைத்தார்.

நவம்பர் 16

ஊர்க்கூட்டத்தில் பேசினேன். கேட்டது இரண்டுதான். ஒன்று, ஏலப் பத்திரத்தில் கண்மாயை மட்டும் எழுத வேண்டும், ஆற்று மடுவைச் சேர்க்கக் கூடாது. இத்தனை நாள் வாய்மொழியாக அதுவும் குத்தகைக்காரருக்கே என்று இருந்தது. இரண்டு, மடுவில் பேட்டரியோடு யாரைப் பார்த்தாலும் மீன்வளத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 100க்குக் கூப்பிட வேண்டும். மாடு தண்ணீர் குடிக்கிற, பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் கரண்டு விடுகிறான் என்று சொன்னால் போலீஸ் வருகிறது. மீன் சாகிறது என்று சொன்னால் வருவதில்லை.

இரண்டாவதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாவதில் இழுபறி. மடுவை எடுத்துவிட்டால் ஏலத் தொகை குறையும், அந்தப் பணத்தில்தான் பங்குனியில் கோயில் பந்தல் போடுகிறோம் என்கிறார்கள். எவ்வளவு குறையும் என்று கேட்டால் யாரும் தொகை சொல்லவில்லை. அந்த மாமன் முறைக்காரர் எழுந்து, "குறையிறத நம்ம வைண்டிங் கடையில வாங்கிக்கிருவோம்" என்றார். ஊரே சிரித்தது. தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் அதற்குத்தான் வாக்குவாதம். ஏலம் தை பிறந்ததும். தொகை தெரிந்ததும் எழுதுகிறேன்.